டிக் கருவி: பழைய முகவரியைத் தேடிய ஒரு வெள்ளிக்கிழமைக்குப் பின் எழுதும் மதிப்புரை

ஒரு டொமைன் சிலருக்குத் திறந்து, சிலருக்குத் திறக்காமல் அடம்பிடிக்கும்போது, இணையப் பணியில் இருப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் கையில் எடுப்பது, டொமைன் பெயருக்குரிய எண் முகவரியைத் தேடிக் காட்டும் டிக் என்னும் கட்டளையைத்தான். கும்பகோணத்தில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரக் கடைகளுக்கும் மண்டபங்களுக்கும் இணையதளம் அமைத்துக் கொடுக்கும் நானும் பல ஆண்டுகளாக அதையே எடுத்து வருகிறேன். அதில் உள்ள, தேடலின் பாதையைப் படிப்படியாகக் காட்டும் ட்ரேஸ் என்னும் வசதியின் மேல் எனக்கு அளவுக்கு மீறிய நம்பிக்கை இருந்தது. நாச்சியார்கோயில் குத்துவிளக்குக் கடை ஒன்றின் தளம், கார்த்திகை தீபத்துக்குச் சில நாள் முன்பு ஒரு வெள்ளிக்கிழமை, அந்த நம்பிக்கையில் பாதியைக் குறைத்துவிட்டது. மீதிப் பாதி முன்னைவிட உறுதியாகியிருக்கிறது. இரண்டையும் சேர்த்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

முதலில் வாங்கும் விவரம். விலை ஏதும் இல்லை. இன்டர்நெட் சிஸ்டம்ஸ் கன்சார்டியம் என்னும் லாப நோக்கற்ற நிறுவனம் பராமரிக்கும் பைண்ட் என்னும் டிஎன்எஸ் (டொமைன் பெயர்களுக்கு முகவரி காட்டும் அமைப்பு) மென்பொருளோடு சேர்ந்து வருவது டிக். உபுண்டுவில் ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் செயலி வழியாகவும் கிடைக்கும். விண்டோஸ்காரர்களுக்கு மட்டும் சிறு வருத்தம் உண்டு. பைண்ட் 9.18 முதல் விண்டோஸுக்கு ஆதரவு நிறுத்தப்பட்டுவிட்டதால், அவர்கள் விண்டோஸுக்குள் லினக்ஸ் துணை அமைப்பை ஏற்றி அதன் வழியே பயன்படுத்துவதே நல்லது. நான் பயன்படுத்தியது உபுண்டுவில் உள்ள 9.18 பதிப்பு.

அன்று காலை பதினொரு மணியளவில் கடைக்காரர் அழைத்தார். "தம்பி, சென்னையிலேருந்து ரெண்டு பேர் போன் பண்ணிட்டாங்க, கடைப் பக்கம் திறக்கலையாம். என் போன்ல நல்லாத்தான் திறக்குது. என்னன்னு பாருங்க" என்றார். என் வீட்டு இணைப்பிலும் தளம் திறந்தது. அந்த வாரம்தான் அவருடைய தளத்தை வைத்திருந்த ஹோஸ்டிங் நிறுவனம் பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு எல்லாவற்றையும் மாற்றியிருந்தது. நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அவர்களுடைய உதவி மேசையின் முதல் பதில் "பரவுவதற்கு 24 முதல் 48 மணி நேரம் ஆகும், காத்திருக்கவும்" என்பதாக இருந்தது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். கார்த்திகைக்கு விளக்கு விற்கும் கடைக்கு அந்த 48 மணி நேரம் எவ்வளவு விலை உடையது என்பதை விளக்க வேண்டியதில்லை.

கருவியின் குறையைப் புரிந்துகொள்ள, தேடல் நடக்கும் விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் போன் தானாக எதையும் தேடுவதில்லை. ரிசால்வர் என்னும் இடைத்தரகரிடம் "இந்தப் பெயருக்கு முகவரி என்ன" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது. ரிசால்வர், ஏ முதல் எம் வரை 13 பெயர்களில் இயங்கும் ரூட் சர்வர்களில் ஒன்றைக் கேட்கிறது. அது டாட்காம் சர்வர்களைக் கைகாட்டுகிறது. டாட்காம் சர்வர் அந்த டொமைனின் நேம்சர்வர்களைக் கைகாட்டுகிறது. கடைசியில் அந்த நேம்சர்வர்தான் உண்மையான பதிலைச் சொல்கிறது. டெல்டாக்காரனுக்கு இதைக் கேட்டவுடன் மேட்டூர், கல்லணை, வெண்ணாறு, வாய்க்கால், கடைமடை என்று ஒப்பிடத் தோன்றும். எனக்கும் தோன்றியது, ஆனால் அந்த ஒப்புமை நம்மை ஏமாற்றிவிடும். மதகைத் திறந்தால் தண்ணீர் மேலிருந்து தானாக இறங்கி வந்துவிடும். இங்கே எதுவும் தானாக இறங்கி வருவதில்லை, எதுவும் "பரவுவதும்" இல்லை. கேட்பவர் ஒவ்வொரு முறையும் மேலே ஏறிப் போய்க் கேட்டுவர வேண்டும். கேட்டு வந்ததை டிடிஎல் என்னும் காலக்கெடு முடியும்வரை கேஷ் என்னும் தற்காலிக நினைவில் வைத்துக்கொள்ளலாம். 1987இல் பால் மொக்கபெட்ரிஸ் எழுதி வெளிவந்த ஆர்எஃப்சி 1034, 1035 என்னும் இணைய நெறிமுறை ஆவணங்கள் வகுத்த இந்த ஏற்பாடுதான் இன்றும் அடித்தளமாக இருக்கிறது.

இனி, ட்ரேஸ். இந்த வசதியைச் சேர்த்து டிக் கட்டளையைக் கொடுத்தால், ரூட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாக அதுவே கேட்டுக்கொண்டு போய், ஒவ்வொரு படியிலும் யார் என்ன சொன்னார்கள் என்பதைத் திரையில் அச்சிடும். ரிசால்வர் நடந்துபோகும் பாதையை நம் கண்ணால் பார்க்கிறோம் என்ற உணர்வு அதில் கிடைக்கும். அன்று ட்ரேஸ் கொடுத்தேன்: ரூட் பதில் சொன்னது, டாட்காம் பதில் சொன்னது, கடையின் நேம்சர்வர் சரியான புதிய முகவரியைத் தந்தது. எங்கும் தடங்கல் இல்லை. அடுத்து என்எஸ்சர்ச் என்னும் வசதியைக் கொடுத்தேன். அது டொமைனின் எல்லா நேம்சர்வர்களையும் கேட்டு, அவற்றின் எஸ்ஓஏ பதிவுகளை, அதாவது திருத்தம் செய்யும்போது மாறும் வரிசை எண்ணைக் கொண்ட தலைப்புப் பதிவுகளை, வரிசையாகக் காட்டும். இரண்டு நேம்சர்வர்களும் ஒரே வரிசை எண்ணைச் சொல்லின. இந்த இரண்டு வெளியீடுகளையும் பார்த்துவிட்டு, சென்னைக்காரர்களின் போனில்தான் ஏதோ கோளாறு என்று கடைக்காரரிடம் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டேன். நல்லவேளையாகச் சொல்லவில்லை.

டிக்கின் மற்றொரு வசதி அந்தத் தவறிலிருந்து என்னைக் காப்பாற்றியது: @ குறிக்குப் பின் எந்தச் சர்வரின் முகவரியைக் கொடுத்தாலும் அதையே நேராகக் கேட்கும். கூகுளின் பொது ரிசால்வரான 8.8.8.8ஐக் கேட்டேன், சர்வ்ஃபெயில் என்று வந்தது. கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1, குவாட்9 நடத்தும் 9.9.9.9 ஆகியவையும் அதையே சொல்லின. சர்வ்ஃபெயில் என்பது "அப்படி ஒரு பெயரே இல்லை" என்பதற்குச் சொல்லப்படும் என்எக்ஸ்டொமைன் அல்ல; "தேடிப் போனேன், உருப்படியான பதில் எதுவும் கிடைக்கவில்லை" என்பதே அதன் பொருள். அதோடு, 2020இல் வெளியான ஆர்எஃப்சி 8914 அறிமுகப்படுத்திய விரிவான பிழைக் குறிப்பையும் டிக் அச்சிட்டிருந்தது: எண் 22, அதாவது அதிகாரம் பெற்ற எந்தச் சர்வரையும் அணுக முடியவில்லை. என் மேசையில் இருக்கும் கணினியால் சிரமமின்றி அணுக முடிகிற அதே நேம்சர்வர்களை, உலகின் மிகப்பெரிய ரிசால்வர்கள் மூன்று அணுக முடியவில்லை என்கின்றன. அப்படியானால் அவை வேறு எதையோ அணுகப் பார்க்கின்றன.

அந்த "வேறு எதையோ" பார்க்க வேண்டுமானால் டாட்காம் சர்வரை நேரில் கேட்டாக வேண்டும். ஏ.ஜிடிஎல்டி-சர்வர்ஸ்.நெட் என்னும் டாட்காம் சர்வரை @ குறியோடு கொடுத்து, "மேற்கொண்டு தேடாமல் உனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்" என்று பொருள்படும் நோரெகர்ஸ் என்னும் விருப்பத்தையும் சேர்த்துக் கடையின் டொமைனைக் கேட்டேன். வந்த பதிலின் அடிப்பகுதியில் கூடுதல் பகுதி என்று ஒன்று இருக்கும்; பலரும் கண்ணை ஓட்டாமல் விட்டுவிடும் இடம் அது. நேம்சர்வர் இரண்டின் பெயர்களும் சரியாகவே இருந்தன. பெயர்களுக்கு எதிரே இருந்த முகவரிகள்தான் பழையவை. உண்மையான எண்களைத் தவிர்த்து, பழையதை 192.0.2.10 என்றும் புதியதை 198.51.100.20 என்றும் வைத்துக்கொள்வோம். டிக்கை @192.0.2.10 என்று நேராக அனுப்பினேன். சில நொடிகள் காத்திருந்துவிட்டு, எந்தச் சர்வரையும் எட்ட முடியவில்லை என்று திரும்பி வந்தது. வியாழக்கிழமை இரவு அந்தப் பழைய சர்வரை அணைத்துவிட்டார்கள் என்பது பிறகு தெரிந்தது.

கூடுதல் பகுதியில் வரும் இந்த முகவரிகளைத்தான் க்ளூ பதிவு என்பார்கள். கடையின் நேம்சர்வர்கள் கடையின் டொமைன் பெயருக்குள்ளேயே பெயர் கொண்டவை. அவற்றின் முகவரியை அறிய அவற்றையே கேட்க வேண்டும் என்றால், அது வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதையாகிவிடும். ஆகவே டாட்காம் சர்வர், பெயரோடு முகவரியையும் சேர்த்தே கொடுத்தனுப்புகிறது. ஹோஸ்டிங் நிறுவனம் டொமைனுக்குள் இருந்த முகவரிப் பதிவுகளை மாற்றியிருந்தது. மேலே, டொமைனைப் பதிந்து தரும் நிறுவனமான பதிவாளரிடம் இருந்த க்ளூவை மாற்ற மறந்துவிட்டது. பத்திரம் பதிந்து, பட்டா மாறாமல் கிடக்கும் நிலம் போல. குடியிருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. தாலுகா அலுவலகத்தில் போய்க் கேட்கிற புது ஆளுக்குத்தான் பழைய பெயர் வரும்.

ட்ரேஸ் ஏன் இதைக் காட்டவில்லை என்பதற்கு வருகிறேன். இந்த மதிப்புரை எழுதப்படுவதற்கே அதுதான் காரணம். ட்ரேஸ் ஒவ்வொரு படியிலும் அடுத்த நேம்சர்வரின் பெயரை மேலுள்ள சர்வரிடமிருந்து பெற்றுக்கொள்கிறது. ஆனால் அந்தப் பெயருக்கான முகவரியை, மேலுள்ள சர்வர் கையில் கொடுத்தனுப்பிய க்ளூவிலிருந்து எடுப்பதில்லை. நம் கணினி வழக்கமாகப் பயன்படுத்தும் உள்ளூர் ரிசால்வரிடம் போய்க் கேட்டுக்கொள்கிறது. என் உள்ளூர் ரிசால்வரோ, பழைய சர்வர் உயிரோடு இருந்த வியாழக்கிழமை மாலையிலேயே அதனிடமிருந்து புதிய முகவரியைக் கற்றுக் கேஷில் வைத்திருந்தது. ஆகவே ரூட்டிலிருந்து நடந்துபோவதாக நான் நினைத்த பயணம், ஒவ்வொரு அடியிலும், கடைசி அடியிலும்கூட, என் வீட்டுத் தெருவுக்கு வந்து வழி கேட்டுக்கொண்டு போயிருக்கிறது. கேஷில் ஒன்றும் இல்லாத ரிசால்வருக்கு அந்த வசதி கிடையாது. அது க்ளூவை நம்பித்தான் போக வேண்டும், போய்ச் சுவரில் முட்டித்தான் திரும்ப வேண்டும். அடிஷனல் என்னும் விருப்பத்தைச் சேர்த்துக் கொடுத்தால் ட்ரேஸின் வெளியீட்டில் க்ளூவும் அச்சாகும் என்பது உண்மைதான். ஆனால் அச்சிடுவதோடு சரி, அதைப் பின்பற்றாது. என்எஸ்சர்ச்சும் உள்ளூர் ரிசால்வரின் பேச்சைக் கேட்டே கிளம்புவதால், அது காட்டிய ஒற்றுமையும் பொய்யான ஆறுதலாகவே முடிந்தது.

இதில் என் தவறும் உண்டு. ட்ரேஸ், ஒவ்வொரு படியின் முடிவிலும் பதில் எந்த முகவரியிலிருந்து வந்தது என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுகிறது. கடைசிப் படியில் 198.51.100.20 என்று தெளிவாக அச்சாகியிருந்தது. அதை டாட்காம் சொன்ன க்ளூவோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் பதினொன்றரை மணிக்கே வேலை முடிந்திருக்கும். "சரியான பதில் வந்துவிட்டது" என்ற மகிழ்ச்சியில் அந்த வரியைப் படிக்கவே இல்லை.

குறை சொன்ன கையோடு, டிக்கின் மிகச் சிறந்த குணத்தையும் சொல்லிவிடுகிறேன். பதிலின் ஒவ்வொரு வரியிலும் பெயருக்கு அடுத்து ஓர் எண் வரும். கேஷில் அந்தப் பதிவுக்கு இன்னும் எத்தனை நொடி ஆயுள் இருக்கிறது என்பதே அது. என் உள்ளூர் ரிசால்வரிடம் கடையின் முதல் நேம்சர்வரின் முகவரியைக் கேட்டபோது மணி நான்கு இருபது. திரையில் இருந்த எண் ஏறத்தாழ 5,400. இரண்டாவது நேம்சர்வருக்கும் அதே அளவுதான். மொத்த ஆயுள் 86,400 நொடி, அதாவது ஒரு நாள். ஒன்றரை மணி நேரத்தில் என் வீட்டிலும் கடைக்காரர் போனிலும் தளம் நின்றுவிடும் என்று அந்த எண் எனக்குச் சொல்லியது. ஆறு மணிக்குச் சற்று முன் அப்படியே நின்றது. கடைக்காரர் உடனே அழைத்தார். "இப்போ எனக்கும் போயிடுச்சு தம்பி" என்றார். அதுவரை சென்னைக்காரர்களின் குறையாக இருந்தது அப்போது அவருடைய குறையாகிவிட்டதால், பதிவாளர் கணக்கின் கடவுச்சொல் அடுத்த ஐந்து நிமிடத்தில் வந்து சேர்ந்தது. காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

பதிவாளரின் பக்கத்தில் நேம்சர்வர் பெயர்களை மாற்றும் இடம் வேறு, நேம்சர்வரின் முகவரியைப் பதியும் இடம் வேறு. இரண்டாவது, ஹோஸ்ட் பதிவு அல்லது சைல்டு நேம்சர்வர் என்பது போன்ற பெயரில் ஓர் ஓரத்தில் ஒளிந்திருக்கும். அங்கே இரண்டு முகவரிகளையும் மாற்றினேன். சில நிமிடங்களில் டாட்காம் சர்வரின் கூடுதல் பகுதியில் புதிய முகவரி வந்துவிட்டது. ஆனால் டாட்காம் கொடுக்கும் கைகாட்டலுக்கும் க்ளூவுக்கும் டிடிஎல் 172,800 நொடி, அதாவது இரண்டு நாள். பழைய க்ளூவைச் சேமித்து வைத்த ரிசால்வர்கள் அதுவரை பழையதையே பிடித்துக்கொண்டு நிற்கலாம். கூகுளும் கிளவுட்ஃப்ளேரும் தத்தம் கேஷிலிருந்து ஒரு பெயரை நீக்கிக்கொள்ளப் பொதுமக்களுக்கே பக்கம் வைத்திருக்கிறார்கள். கடையின் டொமைனோடு, நேம்சர்வர் இரண்டின் பெயர்களையும் அங்கே கொடுத்து நீக்கினேன். பலரும் நேம்சர்வர்களின் பெயரைக் கொடுக்க மறந்துவிடுகிறார்கள். தோல்வியையும் ரிசால்வர்கள் சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும். 2023 டிசம்பரில் வந்த ஆர்எஃப்சி 9520 அதற்கு ஐந்து நிமிடம் என்று மேல்வரம்பு விதித்திருக்கிறது. ஆறரைக்குள் மூன்று பொது ரிசால்வர்களிலும், பிழை இல்லை என்று பொருள்படும் நோஎரர் வந்தது.

க்ளூ மட்டுமே ட்ரேஸின் கண்ணுக்குத் தப்புவது என்று நினைக்க வேண்டாம். அது ஒவ்வொரு மட்டத்திலும் ஒரு சர்வரின் பதிலை வாங்கிக்கொண்டு அடுத்த படிக்குப் போய்விடும். மன்னார்குடிப் பக்கம் ஒரு திருமண மண்டபத்தின் டொமைனுக்கு மேலே மூன்று நேம்சர்வர்கள் பதிவாகியிருந்தன. இரண்டு புதியவை, ஒன்று யாரோ நீக்க மறந்த பழையது. அந்தப் பழையது மறுத்துவிட்டிருந்தால் தொல்லை குறைவு. பெரும்பாலான ரிசால்வர்கள் அடுத்ததைக் கேட்டுக்கொள்ளும், தளம் சற்றுத் தாமதமாகத் திறக்கும், அவ்வளவே. அதுவோ பழைய பதிவுகளை வைத்துக்கொண்டு, அதிகாரம் பெற்ற பதில் என்னும் ஏஏ கொடியோடு கம்பீரமாகப் பழைய முகவரியைச் சொல்லிக்கொண்டிருந்தது. மூன்றையும் தனித்தனியே @ குறியோடு கேட்டபோதுதான் எஸ்ஓஏ வரிசை எண்கள் வேறுபட்டன. தேதியை வைத்து வரிசை எண் எழுதும் வழக்கம் இருந்ததால், எந்தச் சர்வர் எந்த ஆண்டில் நின்றுவிட்டது என்பதுகூடத் தெரிந்தது. ட்ரேஸை மூன்று முறை ஓட்டியிருந்தால் இரண்டு முறை நல்லது, ஒரு முறை கெட்டது என்று வந்து குழப்பியிருக்கக்கூடும்.

மாற்றுக் கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. ஸ்வீடனின் இணைய அறக்கட்டளையும் பிரான்சின் டொமைன் பதிவு அமைப்பான ஆஃப்னிக்கும் சேர்ந்து உருவாக்கும் ஜோன்மாஸ்டர் என்னும் இலவசச் சோதனைத் தளம், மேலுள்ள க்ளூவையும் டொமைனுக்குள் இருக்கும் முகவரியையும் ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தாவிட்டால் நேரடியாகச் சொல்லிவிடுகிறது. இன்னும் மாற்றப்படாத நேம்சர்வர்களைக் கொடுத்து முன்கூட்டியே சோதிக்கும் வசதியும் அதில் இருக்கிறது. சர்வர் மாற்றும் வேலையில் இறங்கும் எவரும் முதல் நாளே செய்துவிட வேண்டிய சோதனை அது. பதில் போலியல்ல என்று உறுதிசெய்யும் டிஎன்எஸ்எஸ்இசி கையொப்பச் சங்கிலி அறுந்ததால் சர்வ்ஃபெயில் வருகிறதா என்று பார்க்க, படம் வரைந்து காட்டும் டிஎன்எஸ்விஸ் தளம் சிறந்தது. டிக் அந்தக் கையொப்பங்களைக் காட்டும், சரிபார்க்காது. சரிபார்ப்பதற்கு அதே பைண்டில் டெல்வ் என்று தனிக் கருவி இருக்கிறது. விண்டோஸில் தயாராகக் கிடைக்கும் என்எஸ்லுக்அப் அவசரத்துக்கு உதவும். ஆனால் கொடிகளையும் மீதமுள்ள ஆயுளையும் வழக்கமான வெளியீட்டில் காட்டாது என்பதால் இதுபோன்ற துப்பறிதலுக்குப் போதாது. உலக வரைபடத்தில் பச்சையும் சிவப்புமாகக் குறியிட்டுக் காட்டும் "பரவல்" சோதனைத் தளங்களை நான் தொடுவதில்லை. எங்கெங்கே கெட்டிருக்கிறது என்று அவை சொல்லும். ஏன் என்று சொல்ல மாட்டா.

டிக்கை விட்டுவிடப் போவதில்லை. பயன்படுத்தும் வரிசையை மட்டும் மாற்றிக்கொண்டேன். இப்போது ட்ரேஸை எடுப்பதற்கு முன் மூன்று பொது ரிசால்வர்களைக் கேட்கிறேன். அடுத்து மேலுள்ள சர்வரை நோரெகர்ஸோடு கேட்டு, கூடுதல் பகுதியில் உள்ள முகவரிகளைக் காகிதத்தில் எழுதிக்கொள்கிறேன். பெயரால் அல்லாமல் அந்த முகவரிகளாலேயே ஒவ்வொரு நேம்சர்வரையும் தனித்தனியே கேட்டு, ஏஏ கொடியையும் வரிசை எண்ணையும் பார்க்கிறேன். ஏழெட்டு வரிகள் தட்ட வேண்டியிருக்கிறது. அவற்றை ஒரே விருப்பத்தில், க்ளூவையே பின்பற்றி நடக்கும்படி டிக் செய்துகொடுத்தால் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன், இப்போதைக்கு நான்கு.

கடைக்காரரின் தளம் சனிக்கிழமை முழுவதும் எல்லா இடங்களிலும் திறந்தது. ஹோஸ்டிங் நிறுவனத்தின் உதவி மேசையிலிருந்து இரண்டாவது பதில் திங்கள்கிழமை வந்தது: பரவல் வெற்றிகரமாக முடிந்துவிட்டது, பொறுமையுடன் காத்திருந்தமைக்கு நன்றி.